லிஃப்டில் சொன்ன ‘சரி’

சிங்கப்பூருக்கு வீட்டு வேலைக்குப் போகிற பெண்களுக்கு இலங்கை மலையகத்தில், பண்டாரவளையில் பயிற்சி நடக்கிறது. அதன் கடைசி நாளில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். சிங்கப்பூரில் பதின்மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவள் என்று சொல்லி மைக்கைக் கையில் கொடுத்தார்கள். நான் நாலு வார்த்தை பேசியிருப்பேன். பெரகலப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, பின்வரிசையில் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

“அக்கா, நீங்க கடைசியில வேலை போயித்தானே ஊருக்கு வந்தீங்க? அப்ப உங்க பேச்சக் கேட்டா நாங்களும் அடுத்த பிளேன்லயே திரும்பி வந்துருவோமே?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். “ஆமா தங்கச்சி, வேலை போயித்தான் வந்தேன்” என்று மட்டும் சொன்னேன். அதற்குள் என் நேரம் முடிந்துவிட்டது. அந்தப் பிள்ளைக்குச் சொல்லவேண்டிய மீதிப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். போகிற எல்லாரும் படிக்கட்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் தைரியசாலி இல்லை. கேஸ் அடுப்பை மூடினேனா என்று மூன்று தரம் எழுந்துபோய்ப் பார்க்கிறவள். எல்ல இறக்கத்தில் பஸ் போகும்போது மற்றவர்கள் ஜன்னலால் மலையைப் பார்ப்பார்கள். நான் டிரைவரின் காலைப் பார்ப்பேன், பிரேக்கில் இருக்கிறதா என்று. லுணுகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அம்மா கொழுந்து எடுக்க மலைக்குப் போகவேண்டும், தம்பியை யார் பார்ப்பது? அதனால் நான் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், நின்றேன். பெரியவர்கள் எழுதுகிற மாதிரி எனக்கு எழுத வராது. ஆனால் நடந்தது நடந்தபடி வரும்.

துணி மடிக்கவும் மெஷின் போடவும் உங்களுக்கு டீச்சர்மார் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அதில் நான் கை வைக்கவில்லை. அவர்கள் இன்னொன்றையும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்: எது சொன்னாலும் ‘யெஸ் சார்’, ‘யெஸ் மேடம்’. அதில்தான் எனக்கு வழக்கு இருக்கிறது.

எனக்குக் கிடைத்த வேலை ஒரு சீனப் பெரியவரைப் பார்த்துக்கொள்வது. அடுக்குமாடிக் கட்டிடத்தில் ஒன்பதாம் மாடி வீடு. அவரும் நானும் மட்டும். மகனும் மருமகளும் இரண்டு பேரப் பிள்ளைகளும் வேறு இடத்தில் பெரிய வீட்டில் இருந்தார்கள். ஞாயிறு தவறாமல் வருவார்கள். பேரப் பிள்ளைகள் அவரை ஆ கோங் என்று கூப்பிட்டார்கள். தாத்தா என்று அர்த்தம். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

ஆ கோங் இளவயசில் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கூட வேலை செய்த தமிழ் ஆட்களிடம் கொஞ்சம் தமிழ் பிடித்திருந்தார். அத்தனையும் கெட்ட வார்த்தை. முதல் நாள் கதவைத் திறந்ததும் வாய் நிறையச் சிரிப்போடு ஒன்றைச் சொன்னார். எங்கள் லயத்தில் அந்த வார்த்தைக்குக் கத்தி எடுப்பார்கள். இவர் வணக்கம் சொல்வதாக நினைத்துச் சொல்கிறார்! நான் பெட்டியைக் கீழே வைத்து, “நல்லா இருங்க தாத்தா” என்று கும்பிட்டேன். அவருக்குப் பரம சந்தோஷம். அதற்குப் பிறகு காலையில் எழுந்ததும் எனக்கு அந்த மரியாதைதான்.

அந்த ஊரைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொண்டு போங்கள். அங்கே எல்லாவற்றுக்கும் ஒரு கொள்கை உண்டு. எந்த நாட்டில் இருந்து ஆள் வரலாம், என்ன வேலைக்கு வரலாம், எத்தனை வயது வரைக்கும் இருக்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எங்களை வைத்திருப்பதற்கு வீட்டுக்காரர் மாதாமாதம் அரசாங்கத்துக்கு வரி கட்டவேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் டாக்டர் பரிசோதிப்பார். வயிற்றில் பிள்ளை இருந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். எங்கள் பெர்மிட்டில் ஒரே ஒரு முதலாளியின் பெயர்தான் இருக்கும், என்னுடையதில் ஆ கோங்கின் மகன் பெயர். அந்த முதலாளி வேண்டாம் என்றால் காரணம் சொல்லத் தேவையில்லை. இந்தப் பக்கம் நம் நாடு எங்களை அனுப்பி வைக்கிறது. நாங்கள் பறித்த தேயிலையைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடைத்துக் கப்பலில் ஏற்றினார்கள். இப்போது பறித்தவர்களையும் ஏற்றுகிறார்கள். இதில் வெட்கப்பட வேண்டியது நாங்கள் இல்லை. யார் வெட்கப்படவேண்டுமோ அவர்கள் படட்டும்.

அங்கே மொழிக்கும் கொள்கை உண்டு. நாலு மொழி அரசாங்க மொழி, அதில் ஒன்று தமிழ். ரயில் நிலையத்தில், ஆஸ்பத்திரியில் தமிழ் எழுத்தைப் பார்த்தபோது முதல் தடவை நின்று அழுதேன். என் தம்பி பதுளையில் ஒரு அரசாங்கக் கந்தோருக்குப் போய், தன்னால் வாசிக்க முடியாத சிங்களப் பாரத்தில் கையெழுத்து வைத்துவிட்டு, என்னத்துக்கு வைத்தோம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தவன். இங்கே என் மொழி சுவரில் இருக்கிறது! லீவு நாளில் நூலகத்துக்குப் போய்த் தமிழ்ப் புத்தகம் எடுப்பேன். ஆறாம் வகுப்பில் விட்டதை அங்கேதான் பிடித்தேன்.

ஆனால் அதே கொள்கை ஆ கோங் வீட்டில் வேறு வேலை செய்திருந்தது. சீனர்களுக்குள் ஊருக்கு ஒரு பேச்சு. அதையெல்லாம் விட்டு எல்லாரும் ஒரே சீன மொழி பேசவேண்டும் என்று முன்பே முடிவு செய்திருக்கிறார்கள். மகன் அந்த மொழியில் படித்தார். பேரப் பிள்ளைகள் அதையும் இங்கிலீஷையும் பேசினார்கள். ஆ கோங்குக்குத் தெரிந்தது ஹொக்கியன் என்கிற தாய்ப் பேச்சு, அது மகனுக்கே வராது. பொதுச் சீனம் அவருக்கு அரைகுறையாகத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் அவர் ஒரு கதையைத் தொடங்குவார். பிள்ளைகள் போனைப் பார்ப்பார்கள். பாதியில் நிறுத்திவிட்டு மீனை என் பக்கம் தள்ளுவார். நாள் முழுக்க அவரோடு இருந்தவள் நான். இரண்டு வருஷத்தில் அவர் பேச்சு எனக்குள் வந்துவிட்டது. அந்த வீட்டில் அவர் கதையை முழுசாகக் கேட்டவள் லுணுகலைக்காரி ஒருத்திதான்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். இது நம் ஆட்கள் மட்டும் செய்யக்கூடிய தப்பு, அதனால் கவனமாகப் படியுங்கள்.

ஒரு நாள் ஆ கோங் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு “தியா, தியா” என்று கத்தினார். தியா என்றால் வலி. மகன் வந்து டாக்டரிடம் கூட்டிப்போனோம். டாக்டர் இளம் பெண், இங்கிலீஷும் பொதுச் சீனமும் பேசுகிறவர். ஆ கோங் ஹொக்கியனில் மூச்சு விடாமல் புலம்பினார். “என்ன சொல்றார்? எவ்வளவு வலி?” என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

நான் சொன்னேன்: “கொஞ்சம்தான் டாக்டர்.”

ஏன் அப்படிச் சொன்னேன்? நீங்கள் லயத்தில் வளர்ந்தவர்களானால் உங்களுக்கே தெரியும். காலையில் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது தோட்டத்தை நடத்துகிற தொரை ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம், நடுவில் கங்காணி. நாங்கள் பத்து வார்த்தை சொன்னால் கங்காணி தொரையிடம் இரண்டு சொல்வார். பெரியவர்களுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாதாம். அதைவிடக் கேவலம், போகப் போக நாங்களே குறைத்துக்கொள்ளப் பழகினோம். என் அம்மாவுக்குக் காலில் புண் அழுகி நாற்றம் எடுத்தபோது தொரையே நேரில் கேட்டார். அம்மா சொன்னாள்: “ஒன்னுமில்லீங்க தொரை, நல்லா இருக்குங்க.” அந்தக் காலோடு மறுநாளும் மலை ஏறினாள்.

அந்த வாய்தான் எனக்கும் இருந்தது. கூடவே இன்னொரு பயம்: நிறைய வலி என்று சொன்னால், நீ என்ன பார்த்துக்கொண்டாய், எப்படி விழுந்தார் என்று கேட்பார்களே. அதனால் ஒரு மனிதருடைய வலியைக் குறைத்துச் சொன்னேன். மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு வாரம் ஆ கோங் சுவரைப் பிடித்து நடந்தார். பிறகு ஒரு காலை எழுந்திருக்கவே முடியவில்லை. படம் எடுத்துப் பார்த்தால் இடுப்பு எலும்பில் வெடிப்பு.

ஆஸ்பத்திரியில் முடி நரைத்த மலாய்க்கார நர்ஸ் ஒருவர் இருந்தார். பெயர் கேட்டு வைக்கவில்லை, அது இன்றைக்கும் மனசில் உறுத்துகிறது. அவர் பழைய குறிப்பைப் படித்துவிட்டு என்னைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிப்போனார்.

“முதல் நாளே இவருக்கு எவ்வளவு வலி?”

“ரொம்ப, மேடம்.”

“பிறகு ஏன் கொஞ்சம்னு சொன்னே?”

“டாக்டருக்குத் தொந்தரவுன்னு...”

“டாக்டர் தொந்தரவு பத்தியா கேட்டாங்க? வலி பத்தித்தானே கேட்டாங்க?” அவர் குரலை உயர்த்தவே இல்லை. “இந்த மனுசனோட வாய் இப்ப உன்கிட்ட இருக்கு. நீ பயந்தா பயந்துக்கோ, அது உன் பாடு. அவர் சொன்னதில ஒரு சொல்லைக்கூடக் குறைக்காதே.”

நான் அழுதேன். அவர் என் தோளைத் தட்டவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை, திரும்பி வேலைக்குப் போய்விட்டார். பதின்மூன்று வருஷத்தில் என்னை வேலைக்காரியாக இல்லாமல் வேலை தெரிந்தவளாக நினைத்துத் திட்டிய ஒரே ஆள் அவர்தான்.

இடுப்பு ஆப்பரேஷன் நல்லபடி முடிந்து, ஒரு வருஷம் போல ஆ கோங் தடியோடு நடந்தார். பிறகு பக்கவாதம் வந்து, மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வலது கை விழுந்துவிட்டது. வாய் கோணிவிட்டது. பிற்பாடு படித்துக்கொண்ட பொதுச் சீனம் ஒரு சொல் இல்லாமல் போய்விட்டது. ஹொக்கியன் மட்டும் மிஞ்சியது, அதுவும் குழறிக் குழறி. எனக்குப் புரிந்தது. வேறு யாருக்கும் புரியவில்லை. புத்தி தெளிவாகத்தான் இருந்தது. பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை விடுவதைப் பற்றி என்னிடம் தினமும் புகார் சொன்னார்.

வீட்டுக்கு அனுப்புகிற நாள் நெருங்கியது. டாக்டர், ஆஸ்பத்திரிச் சமூகசேவைப் பெண், மகன் எல்லாரும் உட்கார்ந்து, ஆ கோங் இனி எங்கே இருப்பது என்று முடிவு செய்யவேண்டும். அதற்கு முதல் நாள் மாலை, பார்வை நேரம் முடிந்து நானும் மகனும் லிஃப்டில் இறங்கினோம். வேறு யாரும் இல்லை.

“சரோஜா, நாளைக்கு டாக்டர் அப்பாவிடம் கேட்பார். நீதான் சொல்லணும். முதியோர் இல்லத்துக்குப் போக அவருக்குச் சம்மதம்னு சொல்லிரு.”

நான் லிஃப்டின் நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நீ எங்க வீட்டுக்கு வந்துரு. பிள்ளைகளைப் பார்த்துக்கலாம், வேலையும் சுளுவு. உன் பெர்மிட் அடுத்த மாசம் முடியுதில்லையா? ரெண்டு வருஷத்துக்குப் புதுப்பிச்சுத் தர்றேன். சரியா?”

“சரி சார்.”

யோசித்துச் சொன்னது இல்லை, தங்கச்சிமாரே. கதவு திறக்கிற மாதிரி வாய் திறந்தது. நாலு தலைமுறையாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பாதையில் அந்த ‘சரி’ தானாக உருண்டு வந்துவிட்டது. அவர் நல்ல மனிதர்தான். ஒரு நாளும் என்னைக் கைநீட்டி அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. ஆ கோங்கை இல்லத்தில் விட்டுவிட்டு அந்த வீட்டை விற்க அவருக்கும் ஏதோ நெருக்கடி இருந்திருக்கும். ஆனால் ஆ கோங் கட்டிலில் கிடந்து மூன்று நாளாக என்னிடம் ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்: எப்போது நம் வீட்டுக்குப் போவோம்?

வீட்டுக்கு வந்து லுணுகலைக்கு, அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

“ஏண்டி, கெழவன் எங்க இருந்தா ஒனக்கென்ன? அவன் ஒன்னோட அப்பனா?” என்றாள் அக்கா.

“அவரு மாட்டேங்கிறாருக்கா. நான் சம்மதம்னு எப்புடிச் சொல்றது?”

“வாயாலதான் சொல்றது! எங்கிட்ட வளர்ற ஒன் சின்ன மக டீச்சர் டிரெயினிங் போகணும்னு குதிக்கிறா. பெர்மிட்டு போச்சுன்னா அவள யாரு படிக்க வைப்பா, ஒன்னோட ஆ கோங்கா?”

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

“இந்தா பாரு சரோசா. நீ சின்னதுல இருந்தே இப்புடித்தான். ஒன்னுமில்லாததுக்குப் பயந்து சாவ, பயப்பட வேண்டிய எடத்துல வம்புக்கு நிப்ப.”

போனை வைத்த பிறகு அக்கா சொன்னதை யோசித்தேன். அவள் திட்டியது சரி. எனக்கு இரண்டு பக்கமும் பயம்தான். பெர்மிட் போய்விடுமே என்று பயம். அந்த நர்ஸ் சொன்னதற்குத் துரோகம் செய்துவிடுவேனோ என்றும் பயம். எந்தப் பயம் பெரியது என்று பார்க்கவேண்டியிருந்தது, அவ்வளவுதான். பயம் போனபிறகு தைரியமாகப் பேசலாம் என்று காத்திருந்தால் நான் இன்னும் காத்துக்கொண்டுதான் இருப்பேன்.

மறுநாள் மத்தியானம், வார்டில் ஆ கோங் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு எல்லாரும் உட்கார்ந்தோம். டாக்டர் ஆ கோங்கின் இடது கையைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரியை விட்டுப் போனதும் எங்கே இருக்க விருப்பம் என்று கேட்டு, என்னைப் பார்த்தார். நான் அதை ஹொக்கியனில் ஆ கோங்கிடம் கேட்டேன். இல்லம் என்பது என்ன, அங்கே யார் பார்த்துக்கொள்வார்கள், வீட்டுக்குப் போனால் என்ன கஷ்டம், எல்லாம் சொன்னேன். அவருக்கு எச்சில் வழிந்தது, துடைத்துவிட்டேன். அவர் சொன்னார்: “மாய். மாய்.”

மாய் என்றால் வேண்டாம்.

“என்ன சொல்றார்?” என்றார் டாக்டர்.

மகன் என்னைப் பார்த்தார். நான் டாக்டர் பக்கம் திரும்பினேன்.

“டாக்டர், சாரிடம் நேற்று ஒன்றுக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். அது என் தப்பு” என்றேன். “ஆ கோங் வேண்டாம் என்கிறார். இல்லத்துக்குப் போக மாட்டாராம்.”

சமூகசேவைப் பெண் அதை எழுதிக்கொண்டார். பிறகு மகன் மெதுவாகச் சொன்னார்: “டாக்டர், இவள் அப்பாவைப் பார்க்க வந்தவள். அப்பா இல்லத்துக்குப் போனால் இவளுக்கு அந்த வேலை இல்லை. இவள் அப்படித்தான் சொல்வாள்.”

டாக்டரின் முகம் மாறியது. சமூகசேவைப் பெண் பேனாவை நிறுத்தினார்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். லிஃப்டில் நீங்கள் என்ன சொன்னீர்கள், சொல்லட்டுமா என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் இல்லை என்பார். நான் ஆமாம் என்பேன். முதலாளியா வேலைக்காரியா, யார் பொய் என்று அவர்கள் பார்க்கத் தொடங்குவார்கள். கட்டிலில் கிடக்கிறவரை எல்லாரும் மறந்துவிடுவார்கள். என்னை நம்பவைப்பது அன்றைக்கு என் வேலை இல்லை. அவர் சொன்னது அவர்கள் காதில் விழவேண்டும். அதற்கு என் வாய் ஆகாது என்றால் வேறு வாய் வேண்டும்.

“டாக்டர், என்னை நம்பவேண்டாம்” என்றேன். “என்னை வெளியே அனுப்புங்கள். இந்த வார்டில் தரை துடைக்கிற வயசான ஆன்ட்டிக்கு ஹொக்கியன் தெரியும். அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.”

யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை! எனக்குத் தெரியும். காலையில் ஈரத் தரையில் நான் நடந்ததற்கு அந்த ஆன்ட்டி ஹொக்கியனில் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். நானும் அதே மொழியில் பதில் கொடுத்தேன். மாப்புக் கட்டையைப் பிடித்தபடி வாய் பிளந்து நின்றார். அந்த ஊரில் பெரிய படிப்புப் படித்தவர்கள் கைவிட்ட பேச்சு, மாப்புக் கட்டை பிடிக்கிறவர்களிடம்தான் பத்திரமாக இருந்தது. மொழி மேலே போகப் போக மெலியும், கீழே வந்தால் கனமாக இருக்கும். எங்கள் தோட்டத்திலும் அப்படித்தானே?

சமூகசேவைப் பெண் எழுந்து போய் ஆன்ட்டியைக் கூட்டி வந்தார். நான் திரைக்கு வெளியே போய் நின்றேன். முகம் தெரியாது, பேச்சு நன்றாகவே கேட்டது.

டாக்டர் பொதுச் சீனத்தில் ஆன்ட்டியிடம் விளக்கினார். ஆன்ட்டி ஆ கோங்கிடம் திரும்பி, சந்தையில் நிற்கிற மாதிரி உரத்த குரலில் ஹொக்கியனில் கேட்டார்: “ஏய் கிழவா! உன்னைக் கிழவர்கள் இல்லத்தில் போடப் போறாங்களாம். போறியா?”

“மாய்!” என்றார் ஆ கோங்.

“பின்னே எங்கே போறே?”

அவர் குழறினார். ஆன்ட்டி, “என்ன? இன்னொரு தரம் சொல்லு. வாயில் மீனா வச்சிருக்கே?” என்றார். இரண்டாம் தரம் அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஆன்ட்டி கடகடவென்று சிரித்தார். பிறகு டாக்டருக்கும் மகனுக்கும் புரிகிற சீனத்தில் சொன்னார். டாக்டர் பின்னால் என்னிடம் அதை இங்கிலீஷில் திருப்பிச் சொன்னார். நான் ஹொக்கியனில் கேட்டதும் அதுவும் ஒன்றுதான்:

“என் வீட்டுக்குப் போறேன், ஒன்பதாம் மாடி. அங்கே இருந்து பெட்டிக்குள்ளே படுத்துக்கிட்டுக் கீழே வருவேன். அதுவரைக்கும் லிஃப்டில் நின்னுக்கிட்டுத்தான் வருவேன்.”

ஆன்ட்டி மாப்புக் கட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். என்னைத் தாண்டும்போது, “உன் கிழவன் நல்ல புத்தியோடதான் இருக்கான்” என்று சொல்லிவிட்டு, என் காலடியில் தரை ஈரமா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

ஆ கோங் வீட்டுக்கு வந்தார். வாரத்தில் மூன்று நாள் நர்ஸ் வந்து பார்க்க ஏற்பாடு செய்தார்கள். மகன் என்னிடம் சத்தம் போடவில்லை. அடுத்த மாதம் பெர்மிட்டைப் புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான். என் வயதுக்குப் புது வீடு கிடைப்பது கஷ்டம் என்று ஏஜென்சியில் கையை விரித்துவிட்டார்கள். என் இடத்துக்கு மியன்மாரில் இருந்து ஒரு பெண் வந்தாள். போவதற்கு முன் இரண்டு வாரம் அவளுக்கு ஆ கோங்கின் பேச்சைச் சொல்லிக் கொடுத்தேன். சாப்பாடு, தண்ணீர் எல்லாம் அவளே கையைக் காட்டிப் பிடித்துக்கொள்வாள் என்று, நான் தியாவிலும் மாயிலும் தொடங்கினேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் போன் எடுத்துச் சொன்னாள்: ஆ கோங் தூக்கத்தில் போய்விட்டாராம், அந்த வீட்டிலேயே, அவருடைய கட்டிலிலேயே.

என் பக்கம் என்ன போனது என்பதையும் சொல்லவேண்டும். மறைத்தால் இதுவும் குறைத்துச் சொன்ன கதையாகிவிடும். சின்ன மகள் டிரெயினிங்கை ஒரு வருஷம் தள்ளிப் போடவேண்டியதாயிற்று. ஆறு மாதம் அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. “ஒங்களுக்கு அந்தச் சீனக் கெழவன்தான் முக்கியம்” என்றாள். அவளுக்குக் கோபப்பட உரிமை இருந்தது. இன்றைக்கு அவள் பசறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். பிந்தித்தான் போனாள், ஆனாலும் போனாள். வேலை போனது உண்மை. அதற்கு நான் தலை குனியவில்லை. வேலை போய் வந்தவள் பேச்சை ஏன் கேட்கவேண்டும் என்று யாராவது கேட்டால், வேலை போகும் என்று தெரிந்தே பேசியவள் நான், அதனால் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் எதிர்த்து நில்லுங்கள் என்று சொல்லவில்லை. உப்பு அதிகம் என்றால் ‘சரி மேடம்’. மாடி ஜன்னலை மறுபடி துடை என்றால், கம்பிக்கு உள்ளே நின்று துடைப்பதாக இருந்தால், ‘சரி மேடம்’. ஆனால் உங்கள் கையில் ஒப்படைத்திருக்கிற மனிதரின் வலியை, விருப்பத்தைப் பற்றிக் கேட்கும்போது அந்தச் சரியை விழுங்கிவிடுங்கள். விழுங்க முடியாமல் என்னைப் போல வெளியே விட்டுவிட்டால், மறுநாள் எல்லார் முன்னாலும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப எடுக்க முடியும். கை நடுங்கும், குரல் உடையும், அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது.

நான் ஊருக்குப் புறப்பட்ட நாள் மகனே விமான நிலையத்துக்குக் காரில் கொண்டுபோய் விட்டார். பாதி வழியில் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: “நீ எங்க வீட்டில் இருந்திருக்கலாம்.”

“தெரியும் சார்.”

விமான நிலையம் வந்தது. பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அவர் உடனே போகவில்லை. கார்ச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். “அவர் உன்னிடம் நிறையப் பேசுவார் இல்லையா? இத்தனை வருஷமாக என்னதான் பேசினார்?” என்றார்.

எனக்கு எல்லாம் தெரியும். துறைமுகத்தில் காலை ஒடித்துக்கொண்ட கதை, மனைவியை முதலில் பார்த்த நூடுல்ஸ் கடை, மகனுக்கு வந்த காய்ச்சலுக்கு மழையில் தூக்கிக்கொண்டு ஓடியது, எல்லாம் என்னிடம் இருந்தன. பத்து நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது. ஆனால் சொன்னால் அதோடு முடிந்துவிடும்; என்னிடம் கேட்ட நிம்மதியோடு அவர் வீட்டுக்குப் போய்விடுவார்.

“நான் சொல்ல மாட்டேன் சார்” என்றேன். வாழ்க்கையில் ஒரு முதலாளியிடம் நேருக்கு நேர் நான் சொன்ன முதல் ‘மாட்டேன்’ அது. “அவர் இன்னும் வீட்டில்தானே இருக்கிறார். புதுப் பெண்ணுக்கு எல்லாச் சொல்லும் எழுதிக் கொடுத்திருக்கிறேன், குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது. அதைப் பார்த்து நீங்களே கேளுங்கள்.”

அவர் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. நான் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். கடவுச்சீட்டு பையில் இருக்கிறதா என்று நாலு தரம் தொட்டுப் பார்த்தேன், ஒரு தரமும் திரும்பிப் பார்க்கவில்லை.